வாகரைப் பக்கம் வைக்கப்போகும் பலகைகளுக்கு எந்த எழுத்து?

வாவிக்கரை | மட்டக்களப்பு

நண்பர்களே, ஒரு வேலை விசயமாக உங்கள் கருத்துத் தேவை. வாகரைப் பக்கம் சில வீடுகளில் வெளிநாட்டுக்காரர் தங்கிப்போக ஏற்பாடு நடக்கிறது. களப்பில் தோணிப் பயணம், கண்டல் காடு, தேன், கருவாடு, கரையோர வேடர் வாழ்க்கை என்று ஒரு சுற்று. அதற்கான பெயர்ப்பலகை, வழிகாட்டிப் பலகை, சின்னக் கையேடு எல்லாம் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. காசு போடுகிறவர்கள் ஒரு மாதிரியும் அனுப்பியிருக்கிறார்கள். மேலே ஆங்கிலம், கோடரியால் கொத்தியதுபோல முனை உடைந்த தடித்த எழுத்தில். பக்கத்தில் வில்லும் அம்பும். கீழே, ஆங்கிலத்தில் கால்வாசி உயரத்துக்குத் தமிழ். சிங்களத்துக்கு இடமே விடவில்லை.

அந்த ஆங்கில எழுத்தின் கதையைச் சொன்னால்தான் என் பிரச்சினை விளங்கும். அது நொய்லாண்ட் என்ற எழுத்துருவின் வழி வந்தது. 1923இல் ஜெர்மனியில் ருடோல்ப் கோக் என்பவர் செய்தது. முன்கூட்டி வரையாமல் நேரே உலோகத்தில் வெட்டினார், அதனால்தான் அந்தக் கரடுமுரடு. பிறகு விளம்பரக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஆபிரிக்கக் கதைப் புத்தக அட்டை, சபாரி, மிருகக்காட்சிசாலை என்று எங்கெல்லாம் 'காடு' என்று காட்ட வேண்டுமோ அங்கெல்லாம் ஒட்டிவிட்டார்கள். ஜெர்மன்காரர் ஒருவர் வெட்டிய எழுத்து இப்போது வாகரை வேடருடைய அடையாளம் என்று வந்து நிற்கிறது.

நம் கரையோர வேடருக்கென்று தனி எழுத்து இருந்ததில்லை. அவர்கள் பேசுவது தமிழ், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எழுதுவது தமிழ். அப்படியிருக்க, 'பழங்குடி எழுத்து' என்று ஒன்றை நாமே உண்டாக்கி அவர்கள் வாசலில் நட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் எழுத்து வழியாக ஓர் ஊரின் முகத்தைக் காட்டவே முடியாது என்றும் நான் நினைக்கவில்லை. எப்படிச் செய்தால் அது நேர்மையாக இருக்கும்? இதில்தான் உங்கள் யோசனை வேண்டும்.


பொத்துவில் நானா | அறுகம்பை

தம்பி, நான் தங்குமிடம் நடத்துகிறவன், என் பக்கத்தையும் கேளுங்கள். பலகை என்பது முதலில் வியாபாரம். சித்திரை முதல் ஐப்பசி வரைக்கும்தான் எங்களுக்கு அலை, அதற்குள் உழைத்தால்தான் மாரிக்குச் சாப்பாடு. ஓட்டோவில் போகிற வெள்ளைக்காரன் ஒரு கணம் திரும்பிப் பார்ப்பான். அந்தக் கணத்தில் அவன் வாசிக்க வேண்டும், 'இது நான் இதுவரை பார்க்காத இடம்' என்று அவனுக்குத் தோன்றவும் வேண்டும். சும்மா வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தென்றால் கிராம சேவகர் கந்தோர் என்று நினைத்துப் போய்விடுவான்.

எங்கள் அறுகம்பை உல்லையில் பெரும்பாலான பலகை ஆங்கிலம் மட்டும்தான். கொஞ்ச வருசமாக ஹீப்ரு எழுத்திலும் பலகை வந்து, அதுவே நாடு முழுக்கச் செய்தியானது. வாடிக்கையாளன் எந்த மொழியோ அந்த மொழியில் எழுதுவது கடைக்காரனுக்குப் பழக்கம். அது சரி என்று சொல்லவரவில்லை. என் மகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் அவள் மொழியில் ஒரு பலகையும் இல்லை என்பது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் கண்ணை இழுக்கிற ஏதோ ஒன்று கட்டாயம் வேண்டும். வில், அம்பு வேண்டாமென்றால் வேறு என்ன என்று சொல்லுங்கள்.


தென்கரை நிலா | ஆக்லாந்து (ஊர் ஆரையம்பதி)

வாவிக்கரை அண்ணா, தனி எழுத்து இல்லாததால் செய்யவே கூடாது என்ற இடத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். நான் இருக்கிற நாட்டைப் பாருங்கள். இங்குள்ள பூர்வகுடி மாவோரிக்கும் சொந்த எழுத்து இருக்கவில்லை. மிசனரிமார் வந்த பிறகுதான் ரோமன் எழுத்தில் எழுதத் தொடங்கினார்கள். ஆனால் மரச்செதுக்கு அவர்களிடம் பெரிய கலை. வீட்டு முகப்பு, தூண், ஓடம் எதைத் தொட்டாலும் செதுக்கு. ஒவ்வொரு வடிவமும் வம்சக் கதை சொல்லும்.

நியூசிலாந்துச் சுற்றுலாத்துறை 1999இல் 'நூறு வீதம் தூய நியூசிலாந்து' என்ற விளம்பரத்தைத் தொடங்கியது. பின்னாளில் அதற்கென்றே ஓர் எழுத்துரு செய்வித்தார்கள், பெயர் பியூர் பாகாட்டி. பாகாட்டி என்பது மாவோரிச் செதுக்கில் வரிசையாக வரும் பல்வரி வெட்டு. எழுத்துருவைச் செய்தவர் கிரிஸ் சவர்ஸ்பி. அந்த எழுத்துகளை மரத்தில் செதுக்கியவர் ராங்கி கிப்பா, பேர்பெற்ற மாவோரிச் செதுக்குக் கலைஞர். எழுத்து ரோமன்தான், ஆனால் அதில் விழுந்த வெட்டு உரியவர் கையால் விழுந்தது. கணினியில் யாரோ ஒரு 'மரச் செதுக்கு' பில்டரை அழுத்தி வந்ததல்ல.

அதோடு எல்லாம் நல்லபடியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மாவோரி வடிவங்களைக் கேட்காமல் எடுத்து ரீசேர்ட், தேநீர்க் கோப்பை, நீச்சலுடை என்று அச்சடித்து விற்பதை எதிர்த்து இங்கே நீண்ட போராட்டம் நடந்திருக்கிறது. பண்பாட்டு அறிவுக்கும் கலைக்கும் யார் உரிமைக்காரர் என்று கேட்டு 1991இல், மாவோரி கோரிக்கைகளை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயத்துக்குப் போன கோரிக்கைக்கு 2011இல்தான் அறிக்கை வந்தது. 2002இல் 'தோய் இஹோ' என்ற முத்திரை தொடங்கினார்கள். மாவோரி கையால் செய்தது என்று காட்டத்தான் அந்த முத்திரை. ரக்பி ஆட்டத்துக்கு முன் ஆடும் 'கா மாத்தே' ஹக்காவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதை வணிகத்துக்கு எடுத்தால் அது தே ரவ்பராகா ஆக்கியது, அவர் ங்காட்டி தோவா குலத் தலைவர் என்று குறிப்பிட வேண்டும் என 2014இல் சட்டமே வந்தது.

அதனால் நான் கேட்பது இதுதான்: வெட்டியது யார் கை, யாரிடம் கேட்டார்கள், யார் பெயர் போட்டார்கள், காசு யாருக்குப் போனது? இந்த நான்குக்கும் பதில் இருந்தால் எழுத்தின் வடிவம் எதுவாக இருந்தாலும் நான் சண்டை பிடிக்க மாட்டேன்.


வாவிக்கரை

நிலா, அப்படிப் பார்த்தால் என் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. கிப்பாவுக்கு மரம் இருந்தது. நம் பக்கத்தில், நம் ஆட்கள் கையால் ஏற்கெனவே எழுத்தாக விழுந்துகொண்டிருப்பது எது? அதைக் கண்டுபிடித்தால் பொத்துவில் நானா கேட்ட 'வேறு என்ன' என்பதற்கும் பதில் கிடைக்கும்.


வலைக்காரன் பேரன் | களுவன்கேணி

எங்களைப் பற்றித்தான் கதைக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். என் அம்மம்மா வழி வேடர். வாகரையில், குஞ்சங்குளத்தில், எங்கள் ஊரில் எல்லாம் சொந்தம் இருக்கிறது.

முதல் விசயம், எங்களைத் தேடி வருகிறவர்கள் கையில் இருக்கும் படம் தம்பானைப் படம். தோளில் கோடரி, தாடி, இடுப்பில் துணி. அது மகியங்கனைப் பக்கத்து ஆட்கள், ஊருவரிகே வன்னிலா எத்தோ தலைமையில் இருக்கிறவர்கள். அவர்கள் மேல் எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் நாங்கள் கடற்கரை. வலை, தூண்டில், களப்பு, இறால், காட்டுக்குப் போனால் தேன். வருகிறவர்கள் எங்களைப் பார்த்ததும் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரியும். சாரமும் ரீசேர்ட்டும் போட்ட வேடனை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. பிறகு 'கொஞ்சம் பழைய மாதிரி உடுத்து வாறீங்களா' என்று கேட்பார்கள். ஒரு முறை என் மாமாவிடம் அப்படிக் கேட்டார்கள். அவர் பேசாமல் வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார். வில்லும் அம்பும் கீறிய பலகை வைத்தால் அந்தக் கேள்வியை நீங்களே எழுதி நட்டதாகிவிடும்.

இரண்டாவது, எல்லா இடத்துக்கும் பலகை வேண்டாம். குமார தெய்வத்துக்குச் சடங்கு செய்யும் இடங்கள் இருக்கின்றன. அங்கே ஆட்டமும் பாட்டும் நடக்கும், கட்டாடியார் உருவேறி நிற்பார். அது காட்சிக்கு அல்ல. அம்புக்குறி போட்டு வழிகாட்டினால் அடுத்த வருசம் கமரா வரும், அதற்கடுத்த வருசம் நேரம் குறித்துச் சடங்கு செய்யச் சொல்வார்கள்.

மூன்றாவது, இடப்பெயர்கள். சுனாமியும் இடப்பெயர்வும் எங்கள் பக்கத்தை இரண்டு முறை பெயர்த்துப் போட்டது. இந்த மடு, அந்தத் துறை, இன்னாருடைய முனை என்று பெரியவர்கள் சொல்லும் பெயர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. அடுத்த தலைமுறைக்கு அவை தெரியாது. பலகை வைப்பதாக இருந்தால் அந்தப் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். வெள்ளைக்காரனுக்குக் காட்டுவது இருக்கட்டும், எங்கள் பிள்ளைகள் வாசிப்பார்கள். தமிழில், பெரிதாக.

எழுத்தின் வடிவம் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. எங்கள் தோணிகளில் பெயர் எழுதியிருக்கும், போய்ப் பாருங்கள். அதைவிட எங்கள் எழுத்து என்று சொல்ல வேறு இல்லை.


கட்டைத் தூரிகை | மட்டக்களப்பு நகர்

தோணி என்றதும் எனக்கும் எழுத வந்தது. நான் பலகை எழுதித்தான் பிள்ளைகளைப் படிப்பித்தவன். பிளெக்ஸ் வந்தபிறகு வேலை குறைவு, ஆனால் வள்ளத்துக்கும் தோணிக்கும் இன்னும் கூப்பிடுகிறார்கள். உப்புத் தண்ணியில் ஸ்டிக்கர் நிற்காது, இனாமல் நிற்கும்.

தம்பிமாருக்கு ஒன்று சொல்கிறேன். தமிழ் எழுதக் கோடு இரண்டு போதாது. பலகைக்கு வெள்ளை அடித்துக் காய்ந்ததும் நூலில் நீலம் தடவி இழுத்து அடிப்போம், நேராகக் கோடு விழும். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, அவ்வளவுதான். தமிழுக்கு நாலு. எழுத்தின் உடம்புக்கு இரண்டு. விசிறியும் (இ, ஈ வளைவு) குற்றும் (மெய்யெழுத்துப் புள்ளி) ஏற மேலே ஒன்று. 'கு', 'ளு', 'மு' கால் இறங்கக் கீழே ஒன்று. 'வாகரை' என்று எழுதினால் மேலும் இல்லை, கீழும் இல்லை, உடம்பு மட்டும்தான், அழகாக நிரப்பி உட்காரும். 'குஞ்சங்குளம்' எழுதிப் பாருங்கள். இரண்டு இடத்தில் கீழே இறங்கும், மூன்று இடத்தில் குற்று ஏறும். 'களுவன்கேணி' இன்னும் கஷ்டம். இப்போது கம்பியூட்டரில் செய்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? ஆங்கிலத்துக்கு ஒரு பெட்டி, அதே உயரத்தில் தமிழுக்கு ஒரு பெட்டி, சமமாகக் கொடுத்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள். மேலும் கீழும் போக வேண்டியதை அந்தப் பெட்டிக்குள் அடைத்தால் உடம்பு பாதியாகச் சுருங்கும். அதனால்தான் தமிழ் எப்போதும் ஆங்கிலத்தின் கீழே சின்னதாக, ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல் தெரிகிறது. பிறகு இடம் காணவில்லை என்று பக்கவாட்டில் நசுக்குவார்கள். நசுக்கினால் சுழி அடைபடும். 'ண'வும் 'ன'வும் தூரத்தில் ஒன்றாகிவிடும்.

தோணி எழுத்து வேறு மாதிரி. பலகை தட்டை, தோணிப் பக்கம் வளைவு. முனைப்பக்கம் அணியம் மேலே தூக்கும், அதற்கேற்ப எழுத்தும் ஏற வேண்டும். நான் உடம்பை அகலமாக வைப்பேன், சுழியை வட்டமாகத் திறந்து விடுவேன், கரையில் நின்றே வாசிக்க வேண்டுமே. முதல் எழுத்தின் தொடக்கத்திலும் கடைசி எழுத்தின் முடிவிலும் தூரிகையைச் சாய்த்து ஒரு வால் இழுப்பேன். அது என் குருவிடம் வந்தது. கல்லடியில் எழுதுகிறவர் கை வேறு, வாழைச்சேனைக் கை வேறு. பார்த்தாலே யார் எழுதியது என்று தெரியும்.

இன்னொன்று. 'வாழைச்சேனை' என்று எழுதும்போது கடைசி 'னை'யை நான் இன்றும் பழைய மாதிரி, மேலே தும்பிக்கை வைத்துத்தான் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் 1978இல் அரசாணை போட்டு மாற்றினார்கள். நம் பக்கத்தில் புத்தகம், பத்திரிகை வழியாக மெதுவாக மாறியது. பழைய கோயில், தேவாலயக் கல்லில் எல்லாம் தும்பிக்கைதான். சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது என்று சிலர் திட்டுவார்கள். திட்டட்டும்.


பன்பாய் மகள் | மருதமுனை

ஐயா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். பெட்டி விசயம் அச்சொட்டாக அப்படித்தான். நான் டிசைன் படித்துவிட்டு ஒரு பிரிண்ட் கடையில் வேலை செய்கிறவள், உள்ளே நடக்கும் மற்ற அநியாயத்தையும் சொல்கிறேன்.

வெளியிலிருந்து வரும் டிசைன்களில் தமிழ் பெரும்பாலும் உடைந்தே வரும். யுனிகோட்டில் தட்டிய தமிழைச் சரியான அமைப்பு இல்லாத மென்பொருளில் ஒட்டினால் கொம்பு இடம் மாறும். 'வாகரை'யில் ஐகாரக் கொம்பு 'ர'வுக்கு முன்னால் நிற்க வேண்டும், அது பின்னால் போய்த் தொங்கும், கூடவே ஒரு புள்ளி வட்டம் வரும். 'வேடர்' என்றால் இரட்டைக் கொம்பு. அதுவும் உடையும். இந்தத் திட்டத்தின் இரண்டு முக்கியமான சொல்லும் உடையக்கூடிய சொல்! அதைத் தவிர்க்க, யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டுவார்கள். பலகைக்குப் பரவாயில்லை, ஆனால் அதே கோப்பை இணையத்தில் போட்டால் ஒரு சொல்லும் தேட முடியாது. வாவிக்கரை அண்ணா, கையேடு இணையத்துக்கும் போகுமென்றால் முதல் நாளிலிருந்தே யுனிகோட்டில் செய்யுங்கள். டிசைன் மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பு வசதியை முடுக்கிவிட்டால் கொம்பு சரியாக நிற்கும்.

நோட்டோ குடும்பத்தில் தமிழ், சிங்களம், ரோமன் மூன்றும் இருக்கிறது. கட்டமரன், முக்த மலர் மாதிரி இலவசத் தமிழ் எழுத்துருவும் இருக்கிறது. சிறிய எழுத்தில் வரும் தகவலுக்கு இவை போதும். ஊர்ப்பெயருக்கு மட்டும் கையெழுத்து வைத்துக்கொள்ளலாம். ஐயா போன்றவர்கள் எழுதியதைப் படம்பிடித்து, கோடு இழுத்து, எழுத்துருவாக்கலாம். தும்பிக்கை 'னை'யையும் மாற்று வடிவமாக உள்ளே வைக்கலாம். ஆனால் ஐயாவுக்கு ஒப்பந்தம் எழுதிக் காசு கொடுத்து, எழுத்துருவில் அவர் பெயரும் போட்டுத்தான். இல்லாவிட்டால் நிலா சொன்ன ரீசேர்ட் கதை இங்கேயும் நடக்கும்.

அப்புறம், நம் கையால் எழுத்தாக விழுவது எது என்று கேட்டீர்களே, எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. உம்மா பன்பாய் இழைப்பார். புல்லுக்குச் சாயம் போட்டு, கலியாணப் பாயில் பெயர் வைத்து இழைப்பார். பாயில் கீற்று நெடுக்கும் குறுக்கும்தான் ஓடும், வளைவு கிடையாது. அதனால் தமிழ்ச் சுழியெல்லாம் படிக்கட்டாக மாறும். 'ம' இலகு. 'ஐ', 'ஜ' வந்தால் உம்மா பெருமூச்சு விடுவார். பழைய ஏட்டில் எழுத்தாணி நேர்கோடு இழுத்தால் ஓலை நாரோடு கிழியும், அதனால் எழுத்து வளைந்தது என்பார்கள். பாயில் தலைகீழாக, வளைவெல்லாம் நேராகிறது. எழுதும் பொருள்தான் எழுத்தை வடிவமைக்கிறது என்பதை நான் படித்தது உம்மாவிடம்.

ஆனால் வாகரைப் பலகைக்கு அதைப் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். அது எங்கள் கரைவாகுப் பக்கத்துச் சோனகப் பெண்களின் கை. மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் கரையும் அப்படித்தான். எங்கள் ஊருக்குப் பலகை வைக்கும்போது நாங்கள் போடுவோம். 'கிழக்கு மாகாணக் கைவேலை' என்று எல்லாவற்றையும் ஒரே பலகையில் கலந்தால் யாருக்கும் சொந்தமில்லாத ஒன்று வந்துவிடும்.


பொத்துவில் நானா

மகளே, நல்லாச் சொன்னீர்கள். தோணி எழுத்து என்றால் எனக்கும் பிடிக்கிறது. எங்கள் உல்லைக் கடற்கரையிலேயே வெள்ளைக்காரர் நின்று படம் பிடிப்பது வள்ளத்தைத்தான். அவர்களுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனாலும் பிடிக்கிறார்கள்.

ஒரு பயம் மட்டும் இருக்கிறது. தமிழைப் பெரிதாக்கி ஆங்கிலத்தைச் சின்னதாக்கினால் ஆள் வழி தவறிப்போகும். பனிச்சங்கேணிப் பாலம் தாண்டினால் இருட்டில் கேட்க ஆளில்லை.


வண்டில் பாதை | அம்பாறை

இந்த இழையில் 'நம் அடையாளம்' என்று நிறையப் பேர் எழுதுகிறோம். சிங்களம் எங்கே என்று வாவிக்கரை முதல் பதிவிலேயே ஒரு வரி சொன்னதோடு சரி. நான் தமிழன், அம்பாறை நகரில் வேலை, தினமும் மூன்று மொழிப் பலகைக்கு நடுவில் இருக்கிறேன். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் வந்தது. 1991இல் அரச கரும மொழிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்தது. அதை வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்துக் கந்தோர்களில் தமிழ் வரி பிழையாக இருந்தால் முறைப்பாடு எழுதுகிறோம். அப்படிச் செய்கிற நாம் வாகரையில் சிங்கள வரியை விட்டுவிட்டால் அடுத்தமுறை என்ன முகத்தோடு முறைப்பாடு எழுதுவது? விடுமுறைக்குக் கிழக்கே வருகிறவர்களில் சிங்களக் குடும்பங்கள்தான் எத்தனை! பாசிக்குடாவுக்கு ஒரு போயா நாளில் போய்ப் பாருங்கள். அவர்களும் வாசிக்கட்டும்.

தூரிகை அண்ணன் சொன்ன நாலு கோட்டோடு இதையும் சேர்த்துப் பாருங்கள். சிங்களத்துக்கும் நாலு கோடு தேவை. இஸ்பில்ல (இகரக் குறி) மேலே ஏறும், பாபில்ல (உகரக் குறி) கீழே இறங்கும். உருண்டை வடிவம், திறந்த வளைவு. தமிழும் சிங்களமும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இயல்பாக உட்காரும். பொருந்தாமல் நிற்பது ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டும்தான். அதற்கு வழி எளிது. ஆங்கிலத்தைப் பெரிய எழுத்தில் மட்டும் எழுதாமல் முதலெழுத்து பெரிதும் மற்றது சிறியதுமாக எழுதுங்கள். சிறிய எழுத்திலும் மேலே போகிறதும் கீழே இறங்குகிறதும் இருக்கிறதல்லவா? உடம்புக்கு உடம்பு சமமாக வைத்தால் மூன்று வரியும் ஒரே அளவாகத் தெரியும், ஒன்றும் சின்னதாகாது. பொத்துவில் நானாவின் பயத்துக்கும் அதுவே மருந்து. இருட்டில் வண்டி ஓட்டுகிறவனுக்கும் பெரியதும் சிறியதும் கலந்த எழுத்து சொல்லின் உருவத்தை இன்னும் நன்றாகக் காட்டும்.


தென்கரை நிலா

வண்டில் பாதை சொன்னது நல்ல யோசனை. இங்கே ரொட்டோருவா நகரம் 2017இல் இருமொழி நகரமாகத் தன்னை அறிவித்தது. மாவோரியும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில். போகிற பயணிகள் யாரும் வழி தவறவில்லை. 'கியா ஓரா' என்று மாவோரியில் வணக்கம் சொல்லிப் பழகிக்கொண்டு போகிறார்கள்.


வாவிக்கரை

எல்லாருக்கும் நன்றி. என் மனதில் இப்போது இருப்பதை எழுதுகிறேன், பிழையிருந்தால் சொல்லுங்கள்.

கோடரி எழுத்தும் வில் அம்பும் வேண்டாம் என்று காசு போடுகிறவர்களுக்கு எழுதப் போகிறேன். ஏன் என்பதை வலைக்காரன் பேரன் எழுதிய வார்த்தைகளிலேயே வைக்க விரும்புகிறேன், அவர் சம்மதித்தால். ஊர்ப்பெயர் தோணி எழுத்தில், கையால், இனாமலில். கீழே சிங்களம், ஆங்கிலம் இரண்டும் உடம்புக்கு உடம்பு சமமாக, ஆங்கிலத்தில் முதலெழுத்து மட்டும் பெரிய எழுத்து. விளக்கம் எழுதும் சின்னப் பலகைக்கும் கையேட்டுக்கும் நோட்டோ. படம் என்றால் வலை, அதுவும் அங்கேயே முடிகிற ஒருவரைக் கேட்டுக் கீறுவித்து. சடங்கு இடங்களுக்குப் பலகை இல்லை, கையேட்டிலும் வழி இல்லை.

ஒரு விசயத்தில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. பலகையில் 'வேடர்' என்ற சொல் வரவேண்டுமா? விளம்பரத்துக்கு அது வேண்டும் என்று நிற்கிறார்கள்.


வலைக்காரன் பேரன்

என் வார்த்தைகளைப் போடுங்கள் அண்ணா, ஊர்ப்பெயரும் போடலாம்.

அந்தச் சொல் பற்றி நான் தனியாகப் பதில் சொல்ல முடியாது. எங்களில் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். என் அக்கா அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் ஏச்சாகத்தான் கேட்டிருக்கிறாள். இன்றைக்கும் அதைக் கேட்டால் முகம் சுருங்கும். வாசலில் எழுதினால் ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் அவள் போக வேண்டும். அந்தந்த வீட்டில் கேளுங்கள். வேண்டும் என்கிற வீட்டுக்கு எழுதுங்கள், வேண்டாம் என்கிற வீட்டில் வீட்டுக்காரர் பெயர் போதும். ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கொழும்பில் சொல்வார்கள். அதற்கு வளைந்து கொடுக்காதீர்கள்.

இடப்பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு எழுத நான் கூட வருவேன். பெரியம்மா ஒருவர் இருக்கிறார், களப்பின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை பெயர் சொல்வார். வெயிலேறினால் அவருக்கு ஏலாது, காலையில் போக வேண்டும்.


பன்பாய் மகள்

பெயர்களைக் கேட்கும்போது ஒலிப்பதிவும் செய்யுங்கள். சில பெயர்களில் 'ற'வா 'ர'வா, 'ண'வா 'ன'வா என்று எழுதும்போதுதான் சந்தேகம் வரும், பலகையில் எழுதிவிட்டால் அதுவே நிரந்தரமாகிவிடும். எழுத்துப்பிழை பார்க்கும் வேலையை நான் செய்து தருகிறேன், காசு வேண்டாம்.


கட்டைத் தூரிகை

பலகை பிளைவுட்டில் வேண்டாம், கடற்காற்றுக்கு ஒரு மாரி தாங்காது. முதிரை கிடைத்தால் நல்லது, விலை கூட. பழைய தோணிப் பலகை வாகரையிலேயே கிடக்கும், உடைந்த வள்ளக்காரரிடம் கேட்டால் தருவார்கள், அதற்கும் காசு கொடுங்கள். அளவு தெரிந்தால் இனாமல் எவ்வளவு தேவை என்று சொல்வேன். இன்னொரு விசயம், வாகரைப் பக்கத்துப் பொடியன் ஒருவனை என்னோடு விடுங்கள். நான் எழுதுவதைவிட, அவன் பழகி அவனே எழுதினால்தான் மறு வருசம் மங்கும்போது திருப்பி எழுத ஆள் இருக்கும்.


வலைக்காரன் பேரன்

ஆள் இருக்கிறான் ஐயா. என் மச்சான் மகன், பள்ளிக்கூடம் முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறான், கை சுத்தம். உங்கள் இலக்கத்தைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.